இராத்திரி உலைப் புகை: பட்டறையை மூடச் சொல்லி மனு கொடுக்கலாமா?

மொட்டைமாடி:
எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறை இருக்கிறது. பகலில் அரவமே இருக்காது. இரவு ஒன்பதரைக்கு மேல்தான் உலை மூட்டுவார்கள். காலையில் கொடியில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்தால் மை தெளித்தது போலக் கரும்புள்ளிகள். உதறினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுத்துக்கொள்ளும். மூன்று தடவை புகார் கொடுத்தாயிற்று. மூன்று தடவையும் அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்தார், அணைந்து கிடந்த உலையைப் பார்த்தார், "ஆய்வின்போது புகை இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். இனி தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பட்டறையை மூடச் சொல்லப் போகிறோம். என்ன சொல்கிறீர்கள்?

உலைக்களத்தான்:
பட்டறை முதலில் வந்ததா, உங்கள் வீடு முதலில் வந்ததா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். என் அப்பா முப்பது வருஷம் உலையடியில் நின்றவர். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். உங்கள் தெருச் சாக்கடை மூடிகூட ஏதோ ஒரு பட்டறையில் வார்த்ததுதான். மூடி மட்டும் வேண்டும், புகை அடுத்தவன் தெருவில் போகட்டும் என்றால் எப்படி?

சன்னலோரம்:
முதலில் வந்தவர் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் புகை விடும் உரிமை வந்துவிடாது. சுத்தமான சூழல் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபையே 2022இல் தீர்மானம் போட்டுவிட்டது. எங்கள் வீட்டுச் சென்சாரில் நேற்று இரவு பி.எம். 2.5, அதாவது நுரையீரலுக்குள் இறங்கும் நுண்தூசியின் அளவு 180. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. முப்பத்தாறு மடங்கு! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அளவுகோல்:
சன்னலோரம், கோபம் நியாயம், கணக்கு தப்பு. அந்த 5 மைக்ரோகிராம் (ஒரு கனமீட்டர் காற்றுக்கு) என்பது 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி. ஒரு நாள் சராசரிக்கு 15. நீங்கள் பார்த்தது சில நிமிட அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மனு எழுதினால், எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே உங்களை உட்காரவைத்துவிடும்.

இன்னொன்று. வீட்டுச் சென்சார் தூசியை எடை போடுவதில்லை. லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்து ஊகிக்கிறது. ஈரப்பதம் ஏறினால் தூசி தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும், சென்சார் கூடுதலாகக் காட்டும். ஆகவே பட்டறைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே வகைச் சென்சார் இரண்டு வையுங்கள். ஈரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் எகிறினால், அந்த வித்தியாசம் பேசும்.

பழைய ஆள்:
எங்கள் காலத்தில் விறகு, கரி, மண்ணெண்ணெய் எல்லாப் புகையிலும்தான் வளர்ந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம்?

சன்னலோரம்:
இருக்கிறவர்கள் வந்து சொல்கிறீர்கள், ஐயா. இல்லாதவர்கள் எப்படி வந்து எழுதுவார்கள்? 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் கரிப்புகை தரையோடு தங்கியது. முதலில் போட்ட கணக்கே சுமார் 4,000 சாவு, பிற்பாடு 12,000 வரை இருக்கும் என்றார்கள். அப்போதும் அரசாங்கம் கொஞ்ச நாள் ஃபுளூ காய்ச்சல் மேல்தான் பழியைப் போட்டது.

அளவுகோல்:
இராத்திரியில் நடப்பதும் அதன் சின்ன வடிவம்தான். காற்று அசையாத தெளிவான இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. புகை மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். அதே உலையைப் பகலில் மூட்டினால் இவ்வளவு தெரியாது. உலை நேரத்தை மாற்றக் கேட்டாலே பாதி உபத்திரவம் குறையலாம்.

உலைக்களத்தான்:
சன்னலோரம் லண்டனை இழுத்ததால் நானும் இழுக்கிறேன். 1956இல் அங்கே புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது, வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியை அரசுப் பணத்திலிருந்தே கொடுத்தார்கள். "மூடு" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை.

அப்பா கடைசி ஐந்து வருஷம் இருமிக்கொண்டே இருந்தார். அதை மறைக்க எனக்கு ஆசையில்லை. உங்களை விட அந்தப் புகையை அதிகம் குடிப்பவன் உலையடியில் நிற்பவன்தான். அவன் பெயரையும் மனுவில் சேர்த்தால் நானே கையெழுத்துப் போடுவேன். மூடச் சொன்னால் மாட்டேன்.

மொட்டைமாடி:
சரி, மூடு என்பதை எடுத்துவிடுகிறேன். பதிலுக்கு என்ன கேட்பது? புகைபோக்கியை உயர்த்தச் சொல்லலாமா?

உலைக்களத்தான்:
உயர்த்தினால் உங்கள் புகை அடுத்த தெருவுக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவர் இதே மாதிரி எழுதுவார். உலைக்கு மேல் புகையை இழுக்கும் கூண்டு, அதற்கப்புறம் சைக்ளோன், கடைசியில் துணிப்பை வடிகட்டி. மூன்றும் வேண்டும். சைக்ளோனோடு நிறுத்தினால் ஏமாந்துவிடுவீர்கள். அது தூசியைச் சுழற்றிப் பெரிய துகளை மட்டும் கீழே தள்ளும். உங்கள் துண்டு வெள்ளையாகிவிடும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நுரையீரலுக்குள் இறங்குகிற பொடி கண்ணுக்கே தெரியாது, அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்கத்தான் துணிப்பை.

அளவுகோல்:
சபாஷ். அதிகாரி இரவில் வர வேண்டும் என்றால் அவருக்கு எந்த இரவு என்று சொல்ல வேண்டுமே. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன நாற்றம், எவ்வளவு நேரம். மாடியில் ஒரு ரிப்பன் கட்டினால் திசை தெரிந்துவிடும். நாற்றம் இல்லாத இரவையும் எழுதுங்கள். அதை எழுதாத நோட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

மொட்டைமாடி (பன்னிரண்டு நாள் கழித்து):
நோட்டு போட்டோம். பன்னிரண்டில் ஏழு இரவு நாற்றம். நான்கில் காற்று பட்டறைப் பக்கமிருந்து வந்தது. மூன்றில் எதிர்ப்பக்கமிருந்து. உலைக்களத்தான், வார்ப்பு நாற்றம் எப்படி இருக்கும்?

உலைக்களத்தான்:
அச்சு மணலில் பிசின் கலப்பார்கள். உருகிய இரும்பை ஊற்றும்போது அது கருகும். பினாயில் பாட்டிலைத் தீயில் காட்டின மாதிரி மூக்கில் ஏறும்.

மொட்டைமாடி:
நான்கு இரவு அதுதான். மற்ற மூன்றும் ரப்பர் எரிகிற நாற்றம். அந்தப் பக்கம் காலி மனையில் யாரோ ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள் போல.

உலைக்களத்தான்:
பார்த்தீர்களா! எல்லாப் பழியும் பட்டறைக்கே என்றீர்கள்.

சன்னலோரம்:
நான்கு இரவு என்பது குறைவா என்ன? துண்டில் விழுந்த கரி யாருடையது?

உலைக்களத்தான்:
கேட்டுப் பார்த்துவிடலாம். துண்டில் இருப்பதை வெள்ளைத் தாளில் தட்டி, தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். இரும்புத் தூசி கூடவே ஓடும். வெறும் கரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மொட்டைமாடி:
செய்தோம். பாதி ஓடியது. பாதி அசையவே இல்லை.