பாடக்குறிப்பில் ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதி மாட்டிய ஆசிரியர்கள் உண்டா?

கடலூர் சோஷியல்:
8ஆம் வகுப்பு, கர்நாடகப் போர்கள். பாடக்குறிப்பில் நோக்கம் என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘காரணங்களைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதியிருந்தேன். ஆய்வுக்கு வந்தவர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, “புரிஞ்சுதுன்னு எப்படி சார் அளப்பீங்க?” என்றார். சரி என்று ‘மூன்று காரணங்களைப் பட்டியலிடுவர்’ என மாற்றினேன். மறுநாள் மூன்றையும் ஒப்பித்தார்கள். அப்போது தேவனாம்பட்டினத்துப் பையன் எழுந்தான். “சார், 1758ல பிரெஞ்சுக்காரங்க எங்க ஊர் கோட்டையப் புடிச்சாங்கல்ல, அப்ப எங்க குப்பத்து ஆளுங்க எங்க போனாங்க?” சட்டையில் மேல் பொத்தான் இல்லை, முகத்தில் கேலியும் இல்லை. நிஜமாகவே கேட்டான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அரியாங்குப்பம் டீச்சர்:
எனக்கு அரிக்கமேடு, புதுச்சேரி பக்கத்தில் அகழாய்வு நடந்த பழைய துறைமுகம். நோக்கம், ‘ரோமானிய வணிகத் தொடர்பை விளக்குவர்’. போய்ப் பார்த்தால் இடிந்த செங்கல் சுவரும் மரங்களும்தான். ஒரு பெண் ஓட்டுச் சில்லு ஒன்றைக் காட்டி, “மிஸ், இது ரோமா, எங்க ஆயா வீட்டுப் பானையா?” என்றாள். எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று திருப்பிக் கேட்டேன். அரை மணி நேரம் சண்டை. (சில்லை அங்கேயே போட்டுவிட்டோம்.) வணிகத்தை ஒருத்தரும் விளக்கவில்லை. குறிப்பேட்டில் ‘நிறைவேறியது’ என்று எழுதினேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
கடலூர்க்காரரே, ஆய்வாளர் கேட்டதில் தப்பில்லை. மாற்றிய விதம்தான் தப்பு. கற்றல் நோக்கங்களுக்குக் கல்வியாளர் புளூம் 1956இல் கொடுத்த வகைப்பாட்டை 2001இல் திருத்தினார்களே, அதில் நினைவுகூர்தல் முதல் படி, புரிந்துகொள்ளுதல் இரண்டாவது. இரண்டில் நின்றவர் அளப்பதற்காக ஒன்றுக்கு இறங்கிவிட்டீர்கள். அளப்பது என்றால் எண்ணுவது மட்டுமா? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறது. அதில் ஒரு பக்கம் எடுங்கள். பழைய நடை, பிள்ளைகளுக்கு ஓடாது, நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பாடநூலில் இல்லாத எதை இவர் சொல்கிறார், இவரும் யாரை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். ‘இரு சான்றுகளை ஒப்பிட்டு, விடுபட்டவர்களைச் சுட்டுவர்’ என்று எழுதினால் எவரும் சுழிக்க முடியாது. ஒரு பீரியடுக்கு ஒரு நோக்கம் போதும், ஐந்தாறு எழுதாதீர்கள். என் அனுபவமா? 30 வருடம் ‘அறிந்துகொள்வர்’ என்றே எழுதி ஓய்வுபெற்றேன்.

அரியாங்குப்பம் டீச்சர்:
ஐயா, 45 பேர் வகுப்பில் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது இருக்கட்டும். கடலூர் சார், அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கடலூர் சோஷியல்:
“அது பாடத்துல இல்லப்பா, உட்காரு.”