ட்ரஸ் ராடை வீட்டிலேயே திருகலாமா?

தடிக்கம்பி:
நாலு கம்பி பேஸ் கிட்டார். 45-105 கம்பி செட்டைக் கழற்றிவிட்டு அதைவிட மெலிந்த 40-95 மாட்டினேன். அன்றிலிருந்து முதல் நாலைந்து ஃப்ரெட்டில் (நெக் என்கிற கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மட்டும் கர்ர் என்று உரசுகிறது. பன்னிரண்டுக்கு மேலே சுத்தம். ஆலன் கீ இருக்கிறது. நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராடைத் தொடலாமா?

பழுதுக்காரன்:
தொடாதீர்கள். கம்பியைக் கீழ்முனையில் தாங்கும் சாடிலை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். ராடைத் திருகும் நட்டின் அறுகோணம் மழுங்கினால் நெக்கே போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குல அளவு நட்டில் மில்லிமீட்டர் கீயைச் செருகி நாசம் பண்ணியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உரசலுக்கு இன்னொரு நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் நட், அதன் பள்ளம் ஆழமானதும் காரணமாக இருக்கலாம், ஒரு ஃப்ரெட் எழும்பியதும் இருக்கலாம்.

நாலாங்கட்டை:
பயமுறுத்தாதீர்கள் ஐயா. நட் பள்ளம் ஆழமானால் திறந்த கம்பிதான் உரசும். ஃப்ரெட்டை அழுத்திவிட்டால் நட்டுக்கு அங்கே வேலையே இல்லை.
கம்பி மெலிந்ததால் இழுவிசை குறைந்து, நெக் நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சுருதி சேர்த்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள், கடைசி ஃப்ரெட்டை அழுத்துங்கள், ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ. போல இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு.

பழுதுக்காரன்:
நட் விஷயம் சரி, அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த 0.3 வேதவாக்கு இல்லை. ஓங்கி அடிக்கிற கைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அதோடு, ராடைத் திருகுகிறவர்களில் பாதிப் பேர் ஆக்‌ஷனைக் (கம்பியின் உயரத்தைக்) குறைக்கத்தான் திருகுகிறார்கள். அது சாடில் வேலை. என் கோபமே அதுதான்.

தடிக்கம்பி:
பார்த்தேன். கார்டு நுழையவே இல்லை. கம்பியின் நடுவில் விரலால் தட்டினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை, ஃப்ரெட் மேலேயே படுத்திருக்கிறது.

நாலாங்கட்டை:
அப்படியானால் ராடைத் தளர்த்த வேண்டும். கீ ஆட்டம் இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். இடஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி, மறுபடி அளவு.

பழுதுக்காரன்:
தளர்த்துவதால் சரி, போனால் போகட்டும். இறுக்கச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன். ராட் நட் முழுக்கத் தளர்ந்த பிறகும் வளைவு வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் வேலை செய்யும் ராடாக இருந்தால் அதனால் நெக்கை முன்னுக்குத் தள்ள முடியாது.

தடிக்கம்பி:
கால் சுற்று விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் கார்டு இதமாக நுழைகிறது, உரசல் போய்விட்டது. தடித்த ஈ (E) கம்பியில் இரண்டாம் ஃப்ரெட் மட்டும் பாக்கி. இன்டொனேஷனும் (ஃப்ரெட்டை அழுத்தும்போது சுருதி சரியா என்று) பார்த்தேன்: ஈ கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விடச் சுருதி கூடியிருந்தது, சாடிலைப் பின்னால் தள்ளினேன்.

பழுதுக்காரன்:
அந்த ஒன்று ராட் சமாசாரம் இல்லை. ஏடிஎம் கார்டின் நேரான ஓரத்தை 2, 3, 4 ஃப்ரெட்டுகள் மேல் அந்தக் கம்பிக்கு அடியில் வைத்து அசைத்துப் பாருங்கள்.

தடிக்கம்பி:
தராசு மாதிரி ஆடுகிறது. மூன்றாவதுதான் உயரம்.

நாலாங்கட்டை:
ஒரே ஒரு ஃப்ரெட்தானே, ஒரு சின்ன அரம் இருந்தால்...

பழுதுக்காரன்:
அரத்தைக் கீழே வையுங்கள்.