பால்வாடி வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ்: எங்கிருந்து தொடங்குவது?

பாம்பன் டீச்சர்:
பாம்பனில் வீட்டு முன்கூடத்தில் சின்னதாக ஒரு பிளே ஸ்கூல் நடத்துகிறேன். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் கடல் தொழில் செய்கிற வீடுகள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில், மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்குப் போனில் ஸ்பானிஷில் பதில் சொல்கிற வேலையில் இருந்தேன். கற்றது வீணாகப் போகிறதே என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க ஆசை. வாங்கின அட்டைகளில் ஆப்பிள், பனிமனிதன், ரயில் என்று இருக்கிறது. ரயிலாவது இங்கே பாலத்தில் ஓடுகிறது! எழுத்தில் தொடங்கவா, எண்ணிலா? பொருளின் பெயருக்கு முன்னால் எல், லா என்று ஆண்பால் பெண்பால் வருகிறதே, அதை எப்படி விளக்குவது? "இங்கிலீஷே இன்னும் வரலை, இது எதுக்கு டீச்சர்?" என்று ஒரு அம்மா வேறு கேட்கிறார்.

தொண்டிக்காரன்:
அந்த அம்மா கேட்பதும் நியாயம்தானே?

தேவிபட்டினம் அக்கா:
நியாயம்தான் தம்பி. அதனால் இங்கிலீஷ் நேரத்தில் கை வைக்காமல், விளையாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் எடுத்தால் போதும். இரண்டு மொழியையும் கலந்து பேசுவார்கள், அது சகஜம். என் மகன் மெக்சிகோவில்தான் பால்வாடி போனான். தமிழ் எங்கேயும் போய்விடவில்லை.

டீச்சர், எழுத்து வேண்டவே வேண்டாம். முதலில் உடம்பு அசையட்டும். பென் என்றால் வா, சியென்தாதே என்றால் உட்கார், சால்தா என்றால் குதி, கொர்ரே என்றால் ஓடு. நீங்கள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அவர்கள் செய்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். பேச்சு தானாக வரும். கொர்ரேயில் ர-வை உருட்ட வேண்டும். விசைப்படகு எஞ்சின் சத்தம் போடச் சொன்னால் பையன்கள் கூரை பறக்க உருட்டுவார்கள். உயிரொலி ஐந்தும் நம் அ, எ, இ, ஒ, உ தான், அதில் கஷ்டமே இல்லை.

எல், லா விளக்கவே விளக்காதீர்கள். எல் பார்கோ, லா ரெத், எல் மார், லா அரேனா என்று படகு, வலை, கடல், மணல் எல்லாவற்றையும் ஒட்டியே சொல்லுங்கள். அங்கத்திப் பிள்ளைகளும் அப்படிக் கேட்டுத்தான் பிடிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம், பார்கோவில் வருவது 'பஸ்' ப-வா 'பால்' ப-வா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நீலக்கால் நண்டு வாங்குங்கள். ஆண் நண்டாகப் பாருங்கள், பெண் நண்டில் நீலம் குறைவு. கொடுக்கை நன்றாகக் கட்டிவிட்டுத் தட்டில் வையுங்கள். கொடுக்கு இரண்டு, உனோ, தோஸ். அப்புறம் பக்கத்துக்கு நான்காகக் கால்கள், கடைசி ஜோடி துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அதைத் தொட்டு நுவேவே, தியேஸ் என்று முடித்தால் பத்தும் வந்துவிடும். எல் காங்ரேஹோ எஸ் அசூல், நண்டு நீலம். அப்படியே அடுப்படிக்குக் கொண்டுபோய் அவித்து எடுத்து வந்தால் ரோஹோ, சிவப்பு! நிறம் மாறினதைப் பார்த்த பிள்ளை அந்த இரண்டு வார்த்தையை மறக்காது. தின்னக் கொடுப்பதாக இருந்தால் மட்டும், யாருக்காவது நண்டு ஒத்துக்கொள்ளாதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை லாத்தா:
ரோஹோவில் வரும் அந்த ஹ சிலருக்கு க என்று வரும். குர்ஆன் ஓதப் போகிற பிள்ளை ஒன்று இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், அதுகளுக்குத் தொண்டை பழகியிருக்கும். ஸ்பெயினில் அதை இன்னும் அழுத்துவார்கள். ஐந்தைக்கூட அங்கே நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். உங்களுக்கு மெக்சிகோப் பேச்சு பழக்கம் என்றால் சிங்கோவே இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

பாம்பன் டீச்சர்:
நண்டு யோசனை பிரமாதம் அக்கா. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருமே, அப்போது என்ன செய்ய?

தேவிபட்டினம் அக்கா:
தடை விசைப்படகுக்குத்தானே? நாட்டுப்படகுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.