நாலு லிட்டர் தண்ணீர் குடித்தும் மலையில் சுருண்டு விட்டேன், சாப்பாட்டை எப்படிக் கட்டிக்கொண்டு போவது?

பாளை நடையன்:

போன மாதம் ஒரு சனிக்கிழமை திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். ஜீப் வேண்டாம், நடந்தே ஏறுவோம் என்று முடிவு. சாமி கும்பிடப் போகிறோமே என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட், கொஞ்சம் சிப்ஸ். தண்ணீர் மட்டும் தாராளம், நான் ஒருவனே நாலு லிட்டருக்கு மேல் குடித்திருப்பேன். இறங்கும்போது தலைவலி, குமட்டல். கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஆற்றோரப் பாறையில் அரைமணி நேரம் படுத்துக் கிடந்தேன். கீழே வந்து உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் இரண்டு வாழைப்பழமும் உள்ளே போன பிறகுதான் நிமிர முடிந்தது.

இப்போது பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடம் போக அனுமதி கிடைத்திருக்கிறது. பொதிகை நம் கண்முன்னே நின்றாலும் ஏறுவது கேரளாவில் போணக்காடு வழியாகத்தான். மூன்று நாள், அதிருமலை முகாமில் இரண்டு இரவு. நம்பி மலையிலேயே இப்படி ஆனவன் அங்கே என்ன ஆவேனோ என்று பயமாக இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் குடித்தும் ஏன் அப்படி ஆனது? சாப்பிட என்ன கொண்டுபோவது? விலை கூடின புரோட்டீன் பார் வாங்கச் சொல்கிறார்கள். அது அவசியமா?

களக்காட்டான்:

வெறும் வயிறுதான் முதல் காரணம் தம்பி. காட்டுக்குள் நிழலில் நடக்கும்போது வெயில் தெரியாது, வேர்வை மட்டும் கொட்டும். வேர்வையில் உப்பும் போகிறது. நீங்கள் தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றியிருக்கிறீர்கள்.

அம்பை அக்கா:

தம்பி, நான் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போய்த் தங்கும் குடும்பம். சின்னப் பிள்ளையிலிருந்து காட்டில் குடில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுப் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு மலை ஏறும் ஆசையும் சேர்ந்துகொண்டது. இருபது வருடமாக வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து நான்தான் கட்டுச்சோறு கட்டுகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

களைத்துப் போனவனுக்குப் பசி எடுக்காது. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். மலையில் மூன்று மணி நேரம் ஏறியவனிடம் புதிதாக எதைக் கொடுத்தாலும் தொண்டையில் இறங்காது. நாக்குக்குப் பழகினதுதான் இறங்கும். அதனால்தான் புரோட்டீன் பார் வேண்டாம் என்கிறேன், விலைக்காக மட்டும் இல்லை. ஒருமுறை எங்களோடு வந்த பையன் பை நிறைய அதை வாங்கி வந்தான். இரண்டாம் நாள் ஒன்றைக்கூட அவனால் கடிக்க முடியவில்லை. என் பையிலிருந்த உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் குமட்டல் நின்று, அவல் சாப்பிட்டான்.

கிளம்பும் நாள் காலையில் பழைய சோறு சாப்பிடுங்கள். நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன உள்ளி கடித்துக்கொண்டு வயிறு நிறைய. தண்ணீர், உப்பு, சோறு மூன்றும் ஒரே சட்டியில் வந்துவிடும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் நாள் மத்தியானத்துக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, புளிக்காய்ச்சலைக் கெட்டியாகக் கிண்டுங்கள். சோற்றை வடித்தவுடன் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் பிசைய வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து இறங்கும், மத்தியானம் திறக்கும்போது நூல்விட்டுப்போகும். ஆறவைக்கிறேன் என்று மணிக்கணக்கில் திறந்தும் போடாதீர்கள். வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டுங்கள், வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேங்காய்த் துவையல் பக்கமே போகாதீர்கள், அதுதான் முதலில் கெடும். பொரிகடலைப் பொடி, எள்ளுப்பொடி போதும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இன்னும் நல்லது. எதுவானாலும் அன்று இருட்டுவதற்குள் காலி செய்துவிடுங்கள். மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று நினைக்கவே கூடாது.

அடுத்த இரண்டு நாளைக்கு ஈரமில்லாத பண்டம்தான். முகாமில் சாப்பாடு கிடைத்தாலும் நடக்கும்போது வாயில் போட இது வேண்டும். அவலும் பொடித்த கருப்பட்டியும் கலந்து ஒரு துணிப்பை. கோவில்பட்டி கடலை மிட்டாய் ஆளுக்குப் பத்து. பொருள்விளங்கா உருண்டை கிடைத்தால் விடாதீர்கள். வறுத்த பயறு, அரிசி, கருப்பட்டிப் பாகு, சுக்கு எல்லாம் சேர்ந்த அந்த ஒரு உருண்டை வெகுநேரம் தாங்கும், பல்லைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்! பசிக்கட்டும் என்று காத்திருக்காமல் முக்கால் மணிக்கு ஒருதரம் ஒரு வாய் போட்டுக்கொண்டே நடங்கள்.

காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. சாப்பாட்டுப் பையைத் திறந்து போட்டுவிட்டு நகர்ந்தால் குரங்கு தூக்கிவிடும். பழத்தோல்கூடக் கீழே விழக் கூடாது, ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் மிச்சத்தை எறிந்து எறிந்துதான் அந்தக் குரங்குகள் ஆள் பையைப் பிடுங்கக் கற்றுக்கொண்டன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

மருந்துப்பெட்டி:

நான் நர்ஸாக இருக்கிறேன். அக்கா சொன்னது எல்லாம் சரி, தண்ணீர் விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

நடையில் மணிக்கு அரை லிட்டர் அளவு பெரும்பாலும் போதும். வெயிலும் ஏற்றமும் கூடினால் கொஞ்சம் கூட்டலாம். மொத்தமாகக் குடிக்காமல் மடக்கு மடக்காகக் குடியுங்கள். வேர்த்துக்கொண்டே உப்பில்லாத தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல் அதிலும் வரும். ஆள் தடுமாறிப் பேசினாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ மேலும் தண்ணீர் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தசைப்பிடிப்புக்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பழக்கமில்லாத கால் களைத்தாலும் பிடிக்கும். கிளம்பும் முன் ஒரு மாதமாவது படியேறிப் பழகுங்கள்.

ஆளுக்கு நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஒன்று, 200 மில்லிக்கு ஒன்று என்று இரண்டு அளவில் வருகிறது. அட்டையைப் படித்துக் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கெடுதல். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். சர்க்கரை ருசிக்காக இல்லை, குடலில் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடுவது அதுதான்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். மேலே மிளா, யானை எல்லாம் இறங்கிய தண்ணீர் அது. துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். முகாமில் கொதிக்கவைத்த தண்ணீர் கிடைத்தால் அதையே நிரப்பிக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் உப்பும் கலந்ததைச் செம்பு பாட்டிலில் வைக்க வேண்டாம், புளிப்பு செம்பைக் கரைக்கும். எவர்சில்வர் நல்லது.

பாளை நடையன்:

அக்கா, இன்றைக்கே அம்மாவிடம் நார்த்தங்காய் கேட்டுவிட்டேன், ஜாடியில் இருக்கிறதாம். ஒரு சந்தேகம். எங்களில் ஒருவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதே உப்புதானா?

மருந்துப்பெட்டி:

அவர் தன் டாக்டரிடம் மூன்று நாள் நடையைச் சொல்லிக் கேட்டுவிட்டு வரட்டும். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும், வேர்வையும் சேர்ந்தால் தலை சுற்றும். அவரைத் தனியாகப் பின்னால் விடாதீர்கள். சிறுநீர் மஞ்சள் அடர்ந்து வந்தால் தண்ணீர் பற்றவில்லை என்று எல்லாருமே பார்த்துக்கொள்ளலாம்.

அம்பை அக்கா:

நார்த்தங்காயை அம்மாவையே சின்னத் துண்டாக நறுக்கித் தரச் சொல்லுங்கள், சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு இடுப்புப் பையில் வையுங்கள். பெரிய பையின் அடியில் போட்டால் வேண்டும்போது கைக்கு வராது. ஒரு ஆள் பங்கு கூடுதலாகவே கட்டுங்கள். வழியில் எவனாவது வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பான்.