உடல் மாறும் படங்கள்: இன்னும் உறுத்துற காட்சி எது?

கடைசி வரிசை:
2003 ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’. அம்மாவும் மகளும் உடல் மாறிப்போற கதை, நேரா கச்சேரிக்கு வர்றேன். மேடையில லிண்ட்சே லோஹன். உள்ளே இருக்கிறது அம்மா, கிட்டார்ல அரிச்சுவடிகூடத் தெரியாது. மேடைக்குப் பின்னாடி ஜேமி லீ கர்ட்டிஸ். உள்ளே மகள், சோலோவைப் பின்னி எடுக்கிறா. கூட்டம் கேட்கிறது ஒருத்தியை, பார்க்கிறது இன்னொருத்தியை. யாருக்குள்ள யாருன்னு சொல்ல வசனமே வேண்டாம். இதைவிட சுத்தமான காட்சி இந்த வகையில கிடையாது.

எழுத்துமேசை:
இல்லீங்க. கிட்டார் வெறும் வித்தை. பாரமெல்லாம் அம்மாவோட மறுகல்யாணத்துக்கு முந்தின விருந்துல இருக்கு. தன்னலமில்லாத அன்புதான் திருப்பி மாத்தும்னு, உடம்பை மாத்திவிட்ட குக்கீக்குள்ள இருந்த குறிச் சீட்டு முன்னாடியே சொல்லிடுச்சு. மகள், அம்மா உடம்புல நின்னுக்கிட்டு, அம்மா கட்டிக்கப்போறவரை அப்பாவா ஏத்துக்கிறதாப் பேசுறா. விருந்தாளிகளுக்கு அது மணப்பெண் பேச்சு, நமக்கு மகள் பேச்சு. ஒரே வசனம் ரெண்டு பக்கமும் பொருந்தணும். எழுதிப் பாருங்க, முழி பிதுங்கும்.

பழைய ரீல்:
இதே பேர்ல வந்த 1976 படத்தை விட்டுட்டீங்களே! அம்மா பார்பரா ஹாரிஸ், மகள் ஜோடி ஃபாஸ்டர். 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் இருக்கணும்னு ரெண்டு பேரும் ஒரே நொடியில ஆசைப்பட, மனசு இடம் மாறுது. முடிவுல மட்டும் மனசு இருந்த இடத்துலயே இருக்க, உடம்பு பறந்து வருது: அம்மா நீர்ச்சறுக்குல, மகள் காருக்குள்ள. கதையோட விதிமுறையை நடுவுல மாத்தினா சிரிப்பு வரும், உறுத்தலும் கூடவே வரும். எஃப். ஆன்ஸ்டி 1882-லயே ‘வைஸ் வெர்சா’ நாவல்ல கணக்கை நேரா வெச்சிருந்தார். அதுல ஆசையை நிறைவேத்துற, இந்தியாவிலிருந்து வந்த கருடக் கல், அப்பாவுக்கு ஒரு ஆசை, பையனுக்குத் தனியா ஒண்ணு.

டப்பிங் அறை:
யாரும் கேட்கல, இருந்தாலும் இந்த மாதிரிப் படம் எடுக்கப்போறவங்களுக்குச் சொல்றேன். ஸ்கிரிப்ட்ல பாத்திரப் பேரை உடம்பை வெச்சு எழுதறதா, மனசை வெச்சா? முதல் நாளே முடிவு பண்ணி ஒவ்வொரு சீன் தலைப்பிலும் ரெண்டையும் போடுங்க, ‘அம்மா (உள்ளே மகள்)’னு. காஸ்ட்யூம்காரர் உடம்பைப் பார்ப்பார், நடிகர் மனசைப் பார்ப்பார். ஒரே பேர் மட்டும் இருந்தா ரெண்டு பேரும் வேற வேற சீனுக்குத் தயாராகி வருவாங்க.

மாறுறதுக்கு முந்தின காட்சிகளை முதல்ல எடுத்து முடிச்சிடுங்க. அப்பத்தான் ஒருத்தர் நடையை இன்னொருத்தர் பார்த்துப் பழக முடியும். ஒத்திகையில அம்மா சீனை மகள் நடிக்கட்டும், மகள் சீனை அம்மா நடிக்கட்டும், ஃபோன்ல பதிவு பண்ணி மாத்திக் கொடுங்க. ஆளுக்கு ரெண்டு மூணு பழக்கம் போதும். அதுல ஒண்ணாவது தோளுக்கு மேல இருக்கணும், காலாட்டுறது குளோசப்ல தெரியாது. மாறுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவையாவது அது கண்ணுல படலைன்னா, அப்புறம் செஞ்சாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. மிமிக்ரி ஆக்கிடாதீங்க, பத்து நிமிஷத்துல சலிச்சிடும்.

டப்பிங்ல குரல் உடம்போட போகும். குரலையும் சேர்த்து மாத்தின படங்கள்ல கூட இருக்கிறவங்க கண்டுபிடிக்காதது அபத்தமாத் தெரியும். இருமல், தும்மல், மூச்சு வாங்கல் உடம்புக் கணக்கு. வேகம், இழுவை, எங்க நிறுத்துறதுங்கிறது மனசுக் கணக்கு.