பில் போடும்போது டெட்லாக்: ட்ரிக்கரை எடுத்துவிடலாமா?

முத்து_கோட்:
எங்கள் மளிகை பில்லிங் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. ஒவ்வொரு பில் வரி இன்சர்ட் ஆகும்போதும் ஒரு ட்ரிக்கர் (டேபிளில் மாற்றம் வந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்) இருப்பு டேபிளில் அந்தப் பொருளின் எண்ணிக்கையைக் குறைக்கும். மாலையில் கூட்டம் சேர்ந்தால் 40பி01, அதாவது டெட்லாக் பிழை வந்து பில் விழுந்துவிடுகிறது. நேற்று ஒரு அம்மாவுக்கு 23 சாமானையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டியதாகிவிட்டது. ட்ரிக்கரைத் தூக்கிவிட்டு நிரலிலேயே எழுதப்போகிறேன். லாக் பிடிக்கிற, அதாவது பொருளை மற்றவர் மாற்றாதபடி பூட்டுகிற நிரல் வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தேன்மொழி:
தூக்கினாலும் டெட்லாக் போகாதுங்க. ஒரு கவுன்டர் பருப்பைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்க்கு நிற்கிறது. இன்னொன்று எண்ணெயைப் பிடித்துக்கொண்டு பருப்புக்கு நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் 1 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை ரத்து செய்துவிடும். அப்டேட் ட்ரிக்கரில் இருந்தால் என்ன, நிரலில் இருந்தால் என்ன? பிடித்த லாக் கமிட் வரை, அதாவது மாற்றங்களை உறுதிசெய்து டிரான்சாக்ஷனை முடிக்கும் வரை விடாது. வரிகளைப் பொருள் எண்படி அடுக்கி இன்சர்ட் செய்யுங்கள். எல்லோரும் ஒரே திசையில் போனால் முட்டாது.

முத்து_கோட்:
அது எனக்குத் தெரியும், சரி. அடுத்த வருஷம் வேலைக்கு வருகிற பையன் ரிட்டர்ன் ஸ்கிரீன் எழுதுவான். இன்சர்ட்டுக்குப் பின்னால் ட்ரிக்கர் இருப்பதே அவனுக்குத் தெரியாதே?

தேன்மொழி:
அதே பையன் எக்செல்லிலிருந்து நேரடியாக ஏற்றும் ஸ்கிரிப்ட் எழுதினால் உங்கள் நிரல் அதைப் பார்க்காது, ட்ரிக்கர் பார்க்கும். அடுக்குவதையும் அதனிடமே விடலாம். போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஸ்டேட்மென்ட் ட்ரிக்கருக்கு (ஒரு கட்டளைக்கு ஒரு முறை ஓடுவது) புதிய வரிகள் மொத்தமாகக் கிடைக்கின்றன. அப்டேட்டுக்கு ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் பகுதி) கிடையாது. அதனால் முதலில் ஆர்டர் பையோடு செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு வரிகளைப் பூட்டுங்கள், அப்புறம் அப்டேட். ஆனால் பில் முழுவதும் ஒரே இன்சர்ட்டாகப் போக வேண்டும். வரி வரியாகப் போனால் ட்ரிக்கரும் வரி வரியாகத்தான் ஓடும்.

கணேஷ்_டிபிஏ:
இருப்பு டேபிளைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. ட்ரிக்கர் ‘பருப்பு, கழித்தல் 2’ என்று அசைவு டேபிளில் ஒரு வரி சேர்க்கட்டும். புது வரிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். ராத்திரி கூட்டிக்கொள்ளலாம்.

தேன்மொழி:
கடை கவுன்டருக்குச் சரி, சாமான் கையில் இருக்கிறது. ஆன்லைன் ஆர்டரில் கடைசி 1 பாக்கெட்டை இரண்டு பேருக்கு விற்றுவிடுவீர்கள். அங்கே அந்த லாக் தேவைதான். முத்து, ஒன்று சொல்லுங்கள்: டிரான்சாக்ஷன் எப்போது ஆரம்பிக்கிறது?

முத்து_கோட்:
முதல் சாமான் ஸ்கேன் ஆகும்போது. பணம் வந்ததும் கமிட்.

தேன்மொழி:
அப்படியென்றால் அந்த அம்மா பர்ஸைத் தேடும் நேரமெல்லாம் 23 பொருளும் பூட்டியே கிடந்திருக்கின்றன! ஸ்கேன் ஆகிற வரிகளை ட்ரிக்கர் இல்லாத ஒரு தற்காலிக டேபிளில் போட்டு அங்கங்கே கமிட் செய்யுங்கள். பணம் வந்த பிறகு புது டிரான்சாக்ஷன், ஒரே இன்சர்ட், உடனே கமிட்.

கணேஷ்_டிபிஏ:
இதில் எனக்கும் சம்மதம். அப்படியும் 40பி01 வந்தால் நிரலே மறுபடி முயலட்டும்; காசாளர் கையில் விடாதீர்கள்.

முத்து_கோட்:
ஸ்கேன் பகுதியை இன்றே பிரிக்கிறேன். ஆனால் ட்ரிக்கர் விஷயத்தில் நான் மாறவில்லை. பில் வரி சேர்ப்பதையும் இருப்பைக் குறைப்பதையும் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே இருந்து, பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல்) வைத்து, டேபிளில் நேரடி இன்சர்ட் உரிமையையே எடுத்துவிடுவேன். அப்போது எக்செல் ஸ்கிரிப்டும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

தேன்மொழி:
உரிமையை எடுக்கிறீர்கள் என்றால் அது நல்ல வழிதான். ப்ரொசீஜருக்குள்ளும் பொருள் எண்படி அடுக்க மறக்காதீர்கள்.