மேலத்தெரு வீடு குழு: எந்த மேசை ரம்பம் வாங்குவது?

சனிக்கிழமை

நான், காலை 6:48
எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வீட்டைப் பிரித்தபோது இறக்கி வைத்த தேக்கு உத்திரமும் கைமரமும் மூன்று வருடமாகக் கொட்டகையில் கிடக்கின்றன. கரையான் ஏறுவதற்குள் அதில் ஒரு புத்தக அலமாரியும் அம்மாவுக்கு ஒரு ஊஞ்சல் பலகையும் செய்துவிட வேண்டும் என்று ஆசை. கைரம்பத்தில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். நாலடி போவதற்குள் கோடு அரை அங்குலம் விலகிவிட்டது. அதனால் தூக்கி வைக்கக்கூடிய மேசை ரம்பம் ஒன்று, மேசை நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்குமே அது, வாங்கலாம் என்று இருக்கிறேன். 50 ஆயிரம் வரை ஒதுக்கியிருக்கிறேன். 10 அங்குல பிளேடு உள்ளதா, 8¼ அங்குலமா? சித்தப்பாவும் டல்லாஸ் அண்ணனும் சொல்லுங்கள்.

சித்தப்பா, 7:02
ரம்பம் இருக்கட்டும். முதலில் மரத்தைச் சொல். உத்திரம் என்ன கனம்?

நான், 7:05
5க்கு 4 அங்குலம் சித்தப்பா. கைமரம் 3க்கு 2.

சித்தப்பா, 7:16
சரி. அப்படியானால் 10 அங்குலம், 8¼ என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிட்டது. 10 அங்குலம் என்பது பிளேடின் விட்டம், அது மேசைக்கு மேலே மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் எழும்பும். நாலு அங்குல உத்திரத்தை அது ஒரே ஓட்டத்தில் அறுக்காது. திருப்பிப் போட்டு இரண்டாம் ஓட்டம் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அத்தனை கனமான மரத்தை இருபது கிலோ மெஷின் மேல் ஏற்றித் தள்ளுவது தனியாள் வேலை இல்லை.

உத்திரத்தை மரம் அறுக்கும் சாமிலுக்குக் கொண்டு போ. பட்டை ரம்பத்தில் 1 அங்குலம், 1¼ அங்குலப் பலகையாக இழுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பிளேடு மெல்லியது, மரச் சேதமும் குறைவு. அதன்பிறகு உன் மெஷினுக்கு மிஞ்சுவது 2 அங்குலத்துக்கு உட்பட்ட மரம்தான். அதற்கு 8¼ தாராளம்.

அண்ணன் டல்லாஸ், 7:21
சித்தப்பா சொன்னது சரி. நான் வைத்திருப்பது டிவால்ட் கம்பெனியின் 7485 மாடல். 8¼ அங்குலம், 65 மில்லி ஆழம் அறுக்கும், ஒரு கையால் காரில் ஏற்றிவிடலாம். அங்கே 210 மில்லி அல்லது 216 மில்லி என்று போட்டிருப்பார்கள். பாஷ் கம்பெனியிலும் 216 மில்லியில் ஒன்று உண்டு. 10 அங்குலத்தில் அதே டிவால்டின் 7491 சக்கர ஸ்டாண்டோடு சேர்த்து 40 கிலோ வரும். மொட்டை மாடிக்கு ஏற்றி இறக்கப் போகிறாய் என்றால் யோசித்துக்கொள்.

நான், 7:24
கடையில் விசாரித்தபோது 1800 வாட், 2000 வாட் என்றுதான் பேசினார்கள். வாட் கூடினால் நல்லதுதானே?

அண்ணன் டல்லாஸ், 7:38
வாட்டைக் கடைசியில் பார். 1500க்கு மேல் இருந்தால் உன் பலகைக்குப் போதும். முதலில் பார்க்க வேண்டியது ஃபென்ஸ், நம் ஆட்கள் கைடு என்று சொல்வது. பலகையை ஒட்டித் தள்ள, பிளேடுக்குப் பக்கத்தில் பூட்டும் நேர்க்கட்டை.

என் முதல் மெஷின் மலிவாகக் கிடைத்த ஒன்று. அதன் கைடை முன்பக்கம் பூட்டினால் பின்பக்கம் ஒரு மில்லி பிளேடை நோக்கிச் சாய்ந்து நிற்கும். எனக்கு அது தெரியாது. ஒரு அடி அகலமுள்ள பிளைவுட் துண்டைத் தள்ளினேன். பாதி தாண்டியதும் பலகை கைடுக்கும் பிளேடின் பின்பல்லுக்கும் நடுவே இறுகியது. பின்பல் மேல்நோக்கி எழும்பிவருவது. அது பலகையைத் தூக்கி என் வயிற்றில் எறிந்தது. இரண்டு வாரம் கன்றிப்போய் இருந்தது. பல் நுனி மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது தம்பி. அந்த வேகத்தில்தான் பலகை திரும்பி வரும்.

7485இல் கைடின் முன்முனையும் பின்முனையும் பல்சக்கரத்தில் சேர்ந்து நகரும். ஒரு குமிழைத் திருகினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு போகும். அதற்காகத்தான் அதை வாங்கினேன்.

அம்மா, 7:40
இது எப்போது நடந்தது? என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே.

அண்ணன் டல்லாஸ், 7:41
நாலு வருடம் ஆகிவிட்டது சித்தி. இப்போது நன்றாக இருக்கிறேன்.

சித்தப்பா, 7:55
கைடு ஒன்று. இன்னொன்று பிளேடுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த தகடு. ரிவிங் நைஃப் என்பார்கள். பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அறுத்த வாய் மூடாமல் அது பிளந்து பிடித்துக்கொள்ளும். பழைய மரமும் சரியாகக் காயாத மரமும் உள்ளே இழுவிசை வைத்திருக்கும். அறுக்க அறுக்க இரண்டு பக்கமும் சேர்ந்து பிளேடைக் கவ்வும். அப்போது இந்தத் தகடுதான் காப்பாற்றும். இது இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

நம் ஊரில் நாலு அங்குல மார்பிள் கட்டரைக் கவிழ்த்து, பிளைவுட்டுக்கு அடியில் முடுக்கி, சுவிட்சைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பாய். நானும் பத்து வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அதற்கு மூடியும் கிடையாது, தகடும் கிடையாது, அவசரத்துக்கு அணைக்க வழியும் கிடையாது. என் இடது கை நடுவிரல் நுனி போனது அதில்தான். ஒரு பட்டறையில் ராத்திரி பத்து மணிக்கு, கடைசித் துண்டு.

அக்கா, 8:10
தம்பி, நான் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்ப்பவள், அதனால் சொல்கிறேன். வரும் ரம்பக் காயங்களில் நான் அதிகம் பார்ப்பது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். கத்தி வெட்டு போல இருக்காது. மூன்று மில்லி அகலத்துக்குச் சதையும் எலும்பும் தூளாகிப் போயிருக்கும். ஒட்ட வைப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் இருக்கிறதாமே, அதை வாங்க முடியாதா?

அண்ணன் டல்லாஸ், 8:19
சாஸ்டாப். ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் உருவாக்கினார். பிளேடில் சின்ன மின்குறி ஓடிக்கொண்டே இருக்கும். தோல் பட்டால் அந்தக் குறி மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பல்லில் போய் இறுகி, சுமார் 5 மில்லி செகண்டில் பிளேடு நின்றுவிடும். அந்தக் கட்டையும் பிளேடும் அதோடு போய்விடும், புதிதாக மாற்ற வேண்டும். விலை உன் 50 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வராது. தூக்கி வைக்கக்கூடிய ரகம் இங்கே விற்பது 120 வோல்ட் மெஷின். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். அதே காரணத்துக்காகத்தான் என் பழைய மெஷினையும் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

அக்கா, 8:24
சரி. அப்படியானால் வழக்கத்தில்தான் பத்திரம். வாங்குகிற அன்றே, கைக்குப் பதில் பலகையைத் தள்ளத் தள்ளுகட்டை இரண்டு செய்து மெஷினோடு கட்டித் தொங்கவிடு. விரல் பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போகக் கூடாது.

வேண்டாத பேச்சுதான், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். விரல் துண்டானால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவர வேண்டும். கையை இறுக்கி அழுத்தி உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்.

அம்மா, 8:26
காலையிலேயே இதையெல்லாம் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஊஞ்சல் பலகை கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் ராசா.

சித்தப்பா, 8:33
மதினி, பயப்படாதீர்கள். முறை தெரிந்து செய்தால் நாற்பது வருடமும் ஓட்டலாம். அப்பா தூக்கி நிறுத்திய உத்திரம், பேரன் கையில் பலகையாகட்டும். முதல் இரண்டு நாள் நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

நான், 8:34
சித்தப்பா, நீங்கள் வந்தால் எனக்கு அதுவே போதும்.

மாமா, 9:12
மாப்ள, இப்போதுதான் பார்த்தேன். கரண்ட் விஷயத்தை யாரும் பேசவில்லை. 1800 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். வீட்டில் ஃபேன், டிவிக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. ஏசிக்குப் போடுவது போல 16 ஆம்பியர் பிளக் தனி லைனில் வேண்டும்.

மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுப்பாய் என்று தெரியும். 2.5 சதுர மில்லி ஒயருக்குக் குறையக் கூடாது. சுருளாக வைத்து ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும், முழுவதும் விரித்துப் போடு. மெஷின் பெட்டியில் சாஃப்ட் ஸ்டார்ட் என்று இருந்தால் நல்லது. மெதுவாகக் கிளம்பும், மீட்டர் பக்கத்தில் இருக்கும் எம்சிபி சுவிட்ச் விழாது. அப்புறம், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகச் சுற்றாத சுவிட்சாக இருக்கிறதா என்று கேள். நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம்.

சித்தப்பா, 9:15
அத்தான் கடைசியாகச் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. கட்டாயம் கேள்.

அம்மா, 9:20
சத்தம் எவ்வளவு இருக்கும்? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தூசி எல்லாம் கொடியில் காயும் துணியில் படியும்.

நான், 9:23
காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, சனி ஞாயிறு மட்டும் அம்மா. முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். துணியை அன்றைக்குக் கீழே கட்டிக்கொள்ளலாம்.

அக்கா, 9:31
துணியைவிட மூக்கைப் பார். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. மூக்கிலும் சைனஸிலும் வருவது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். என்95 மாஸ்க், கண்ணாடி, காதுக்கு மூடி, மூன்றும் மெஷின் வாங்கும் பில்லிலேயே இருக்கட்டும். தூசி வெளியேறும் குழாயில் வேக்யூம் மாட்ட முடிகிறதா என்றும் பார்.

நான், 9:36
எல்லாம் குறித்துக்கொண்டேன். நாளைக்குக் கடைக்குப் போகிறேன். கையில் என்ன கொண்டு போக வேண்டும்?

சித்தப்பா, 9:58
மூலைமட்டமும் இரும்பு ஸ்கேலும். பெட்டியில் இருப்பதைப் பிரித்துக் காட்டச் சொல். காட்டாவிட்டால் வேறு கடை.

கைடைப் பூட்டிவிட்டு அதன் பின்முனையை விரலால் தள்ளிப் பார். அசைந்தால் விட்டுவிடு. அப்புறம் பிளேடின் ஒரே ஒரு பல்லில் பென்சிலால் குறி வை. அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து மேசையில் உள்ள நீளக் காடியிலிருந்து அளந்துகொள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டு போய் மறுபடியும் அள. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வெவ்வேறு பல்லில் அளந்தால் பிளேடின் கோணல் கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் ஒரே பல். பிளக்கைச் செருகாமல் செய்.

பிளேடைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஆட்டம் இருக்கக் கூடாது. மேசை மேல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்.

அண்ணன் டல்லாஸ், 10:07
அந்தக் காடியின் அகலத்தையும் அளந்துகொள். முக்கால் அங்குலம், 19 மில்லி இருந்தால் நல்லது. குறுக்கே அறுக்க ஸ்லெட், அதாவது மரத்தை வைத்துக் காடியில் நகர்த்தும் தட்டு, நீயே செய்து ஓட்டலாம், வெளியில் கிடைக்கும் கைடுகளும் பொருந்தும். வேறு அளவில் வரும் மெஷின்களில் அது பெரிய தொல்லை.

கூடவே வரும் பிளேடை நம்பாதே. நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கு அறுப்புக்கும் 60 பல். இரண்டு பிளேடு வாங்க முடியாவிட்டால் 40 பல் ஒன்று. நடுத்துளை 30 மில்லியா, 25.4 மில்லியா என்று மெஷினில் உள்ள விவரத் தகட்டில் பார்த்துவிட்டு வாங்கு. பிளேடு மெல்லியதாகிவிட்டால் ரிவிங் நைஃப் அறுத்த வாயில் நுழையாமல் பலகை நின்றுவிடும். அதன் கனமும் பிளேடின் அறுப்பு அகலமும் ஒத்துப்போக வேண்டும்.

மாமா, 10:11
சர்வீஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று கேள் மாப்ள. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற எங்கே போவாய்?

நான், 10:15
சரி மாமா. பிளைவுட் முழு ஷீட்டை இதில் அறுக்கலாமா? அலமாரிக்குப் பின்பலகை வேண்டும்.

சித்தப்பா, 10:22
எட்டுக்கு நாலு, 18 மில்லி ஷீட் ஒன்று 30 கிலோ வரும். சின்ன மேசையில் அதை ஏற்றினால் மெஷினே கவிழும். கடையிலேயே பாதியாக வெட்டித் தரச் சொல். இல்லையென்றால் தரையில் தெர்மாகோல் போட்டு, நேர்க்கட்டையைக் கிளாம்பில் இறுக்கி, கையில் பிடிக்கும் சர்குலர் சாவால் வெட்டு. மேசை ரம்பம் சின்னத் துண்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவரத்தான்.

இன்னொன்று. லுங்கி, தோள் துண்டு, கையுறை எதுவும் வேண்டாம். கையுறை போட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள், பல் அதைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதே, இடது பக்கம் ஒதுங்கி நில்.

அம்மா, 10:25
தம்பி, நீங்கள் எப்போது வருகிறீர்கள்? மீன் குழம்பு வைக்கிறேன்.

சித்தப்பா, 10:27
அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் மதினி.

ஞாயிற்றுக்கிழமை

நான், மாலை 5:40
மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 10 அங்குலம் ஒன்று, விலை பாதி. கைடின் பின்முனை விரல் தள்ளியதும் நகர்ந்தது, ரிவிங் நைஃபும் இல்லை. வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் 210 மில்லி டிவால்ட் இருந்தது. ஒரே பல்லில் அளந்தேன், முன்னும் பின்னும் ஒரே அளவு. கைடு அசையவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன், வியாழன் வந்து சேரும். 24 பல் பிளேடும் சொல்லியிருக்கிறேன். மாஸ்க், கண்ணாடி, காதுமூடி வாங்கியாயிற்று அக்கா.

அக்கா, 5:44
நன்று. தள்ளுகட்டை?

நான், 5:45
கொட்டகையில் கிடந்த பிளைவுட் துண்டில் இரண்டு வெட்டிவிட்டேன், கைரம்பத்தில்.

மாமா, 5:52
புதன்கிழமை மாலை வந்து 16 ஆம்பியர் பிளக் போட்டுத் தருகிறேன். மாடிப்படி அளவை எனக்கு அனுப்பு, ஒயர் வாங்கி வருகிறேன்.

சித்தப்பா, 6:05
நான் வருவதற்குள் ஒரு வேலை செய்து வை. பெரிய காந்தம் ஒன்றை வாங்கி, உத்திரம் கைமரம் எல்லாவற்றையும் நாலு பக்கமும் தடவு. காந்தம் ஒட்டும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடு. தாத்தா காலத்து ஆணி தலை அற்று உள்ளேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆணி எடுக்காத மரத்தைச் சாமில்காரர் தொட மாட்டார், உன் புது பிளேடும் தாங்காது. பிடுங்கும் வேலையை நாம் சேர்ந்து செய்வோம்.

நான், 6:07
சரி சித்தப்பா. இப்போதே கொட்டகைக்குப் போகிறேன்.

நான், 7:31
உத்திரத்தில் மட்டும் இதுவரை பதினேழு வட்டம்.